அண்டார்க்டிகாவில் பனி கூடுகிறதா, குறைகிறதா?

2023 பிப்ரவரியில், அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடல்பனி செயற்கைக்கோள் பதிவுகளிலேயே இல்லாத அளவுக்குச் சுருங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. 2025-ல் இன்னொரு செய்தி: 2021 முதல் 2023 வரை அதே அண்டார்க்டிகாவில் பனி கூடியிருக்கிறது. இரண்டையும் படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. "புவி சூடாகிறது என்பதே கட்டுக்கதை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பதிவுகள் கோவை, ஈரோடு, திருப்பூர்க் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தன.

இரண்டு செய்தியும் சரிதான். இரண்டும் பேசுவது வேறு வேறு பனியைப் பற்றி. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், துருவங்களிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் நாமே எடைபோட முடியும்.

எந்தப் பனி?

துருவப் பனி என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு பொருள்கள் அடங்கும்.

1. பனிப்படலம். தரையின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரும் பனி. அண்டார்க்டிகாவில் சுமார் 1.4 கோடி சதுர கி.மீ. பரப்பில், சராசரி 2 கி.மீ. கனத்தில் இருக்கிறது. முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்துப் பனிப்படலம் உருகினால் 7.4 மீட்டர்.

2. பனியாறு. பனிப்படலத்திலிருந்து தன் எடையாலேயே கடலை நோக்கி மெல்ல நகரும் பகுதி.

3. பனித்தட்டு. பனியாறு கடலுக்குள் நீண்டு, தரையை விட்டு மிதக்கத் தொடங்கிய பகுதி. தரை முடிந்து மிதப்பு தொடங்கும் இடத்தை அடித்தளக் கோடு என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையில் இது மறுபடி வரும்.

4. கடல்பனி. கடல்நீரே குளிர்காலத்தில் உறைந்து உண்டாவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான். அண்டார்க்டிகாவில் செப்டம்பரில் 1.8 கோடி சதுர கி.மீ. அளவுக்கு விரிந்து, பிப்ரவரியில் 30 லட்சத்துக்கும் கீழே சுருங்கும்.

கடல்பனி ஏற்கெனவே மிதப்பதால், அது உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. தரைமேல் உள்ள பனி கடலுக்குள் இறங்கினால்தான் மட்டம் உயரும். 2023 செய்தி நான்காவது வகையைப் பற்றியது. 2025 செய்தி முதல் வகையைப் பற்றியது. தலைப்புகளில் இரண்டும் "பனி" என்றே வந்ததால் வந்த குழப்பம் இது.

எப்படி அளக்கிறார்கள்?

பனியின் எடையைச் சொல்லும் அலகு ஜிகா டன், அதாவது 100 கோடி டன். இதை நம் கணக்குக்குக் கொண்டுவருவது எளிது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அவ்வளவு நீரின் எடை சுமார் 2.65 ஜிகா டன். 2002-லிருந்து எடுத்த அளவீடுகளின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 270 ஜிகா டன் அளவில் இழந்துவருகிறது. வருடத்துக்கு நூறு மேட்டூர். அண்டார்க்டிகாவின் நீண்டகாலச் சராசரி இழப்பு இதில் பாதி அளவு. சுமார் 360 ஜிகா டன் நீர் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. உயரும்.

இந்த எடையைக் காண மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கிறது.

1. ஈர்ப்பு விசை வழி. நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002-ல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே எடை கூடிய இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுக்கப்பட்டு இடைவெளி மாறும். முடியிழையைவிட நுண்ணிய அந்த மாற்றத்தை அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். 2017-ல் அவை ஓய்ந்தன. அடுத்த ஜோடி 2018-ல்தான் ஏறியது. நடுவில் பல மாதங்களுக்குத் தரவு இல்லை. இந்த வழியின் ஓட்டை: பழைய பனியுகத்தின் பாரம் நீங்கியதால் அண்டார்க்டிகாவின் பாறைத்தளம் இன்றும் மெல்ல மேலெழுகிறது. அடியிலிருந்து வந்து சேரும் பாறையின் எடையைப் பனியின் எடை என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பாறைமீது ஜி.பி.எஸ். கருவிகளைப் பொருத்தி இதைத் திருத்துகிறார்கள்.

2. உயர வழி. ரேடார் அல்லது லேசர் கொண்டு பனியின் மேற்பரப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பார்ப்பது. கிரையோசாட்-2, ஐஸ்சாட்-2 இரண்டும் இந்த வேலையைச் செய்பவை. ஓட்டை: ஒரு மீட்டர் உயரம் கூடினால் அது கன மீட்டருக்கு 350 கிலோ எடையுள்ள பஞ்சுப் பனியா, 917 கிலோ எடையுள்ள கெட்டிப் பனியா என்பது மேலிருந்து தெரியாது.

3. வரவு-செலவு வழி. பெய்த பனிமழை வரவு. பனியாறுகள் கடலில் கொட்டுவது செலவு. செலவைக் கணக்கிடப் பனியாற்றின் வேகமும், அடித்தளக் கோட்டில் அதன் கனமும் வேண்டும். வேகத்தைச் செயற்கைக்கோள் சொல்லும். கனத்துக்கு ரேடார் பொருத்திய விமானம் அந்த இடத்தின் மேலேயே பறக்க வேண்டும்.

மூன்று வழிக்காரர்களும் ஒரு காலத்தில் தனித்தனி விடைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் முன்னின்று நடத்திய இம்பி என்ற கூட்டு முயற்சி, எல்லாக் குழுக்களின் தரவையும் ஒரே காலவரம்பு, ஒரே எல்லைக்கோடுகளில் வைத்து ஒப்பிட்டது. 2018-ல் வந்த அதன் முடிவு: 1992 முதல் 2017 வரை அண்டார்க்டிகா சுமார் 2,720 ஜிகா டன் இழந்தது, கடல்மட்டம் 7.6 மி.மீ. உயர்ந்தது. துருவ ஆய்வில் கூட்டு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு முயற்சியே போதுமான விடை. புதுக் கருவி எதையும் அவர்கள் செய்யவில்லை. இருந்த கணக்குகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் அகல ஆன்டெனாவுடன் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். மேகமும் துருவ இரவும் அதன் ரேடாருக்குத் தடையில்லை. மூன்றாவது வழிக்கு வேண்டிய பனியாற்று வேகத்தை இனி இது சீராகத் தரும்.

2021–2023-ல் ஏன் கூடியது?

ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈர்ப்பு விசைத் தரவை வைத்துச் சொன்னது இது: 2011–2020-ல் அண்டார்க்டிகாவின் இழப்பு ஆண்டுக்குச் சுமார் 142 ஜிகா டன், 2021–2023-ல் ஆண்டுக்குச் சுமார் 108 ஜிகா டன் கூடுதல். கூடியதற்குக் காரணம் வழக்கத்தை மீறிய பனிமழை.

அந்தப் பனிமழைக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டு. காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கடும் குளிர்ப் பிரதேசத்தில் அந்த ஈரம் பனியாகவே விழும். 2022 மார்ச்சில் கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதி வரை பாய்ந்தது. அந்தப் பருவத்தில் மைனஸ் 50 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 12 வரை ஏறியது. உள்நாட்டில் பனி குவிந்தது. அதே மாதம், அதே கிழக்குக் கரையில் கான்கர் பனித்தட்டு உடைந்து சிதறியது. வரவும் செலவும் ஒரே நேரத்தில் நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்று வருட வரவை வைத்து முப்பது வருடக் கணக்கை மூடிவிடக் கூடாது. பவானிசாகர் அணை ஒரு நல்ல மழையில் நிரம்பியதை வைத்துக் கீழ்பவானிப் பாசனத்தின் நீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் எழுதுவதில்லை. அதே நிதானம் இங்கும் வேண்டும்.

செலவு நடக்கும் இடம்: துவைட்ஸ்

மேற்கு அண்டார்க்டிகாவின் துவைட்ஸ் பனியாறு தமிழ்நாட்டைவிடப் பெரியது, சுமார் 1.9 லட்சம் சதுர கி.மீ. இது மட்டும் கரைந்தால் கடல்மட்டம் 65 செ.மீ. உயரும். கவலைக்குக் காரணம் பரப்பு மட்டும் இல்லை, அதன் அடித்தளத்தின் சாய்வு. பனியாறு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் அமர்ந்திருக்கிறது. அந்தத் தரை உள்ளே போகப்போக இன்னும் ஆழமாகிறது. அடித்தளக் கோடு பின்வாங்கினால், கடலைச் சந்திக்கும் பனிமுகம் முன்பைவிடக் கனமாகிவிடும். வெளியேறும் பனியும் கூடும். அதனால் கோடு மேலும் பின்வாங்கும்.

கரைப்பது காற்று அல்ல, கடல். அண்டார்க்டிகாவைச் சுற்றும் ஆழ்நீர் உறைநிலையைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடானது. அது கண்டத்திட்டின் (கண்டத்தை ஒட்டிய, ஆழம் குறைந்த கடல்தளம்) மேலேறிப் பனித்தட்டின் அடிவயிற்றைத் தொடுகிறது.

இதை நேரில் பார்க்கவே பிரிட்டனும் அமெரிக்காவும் 2018-ல் துவைட்ஸ் கூட்டாய்வைத் தொடங்கின. 2020 ஜனவரியில் சூடான நீரைப் பீய்ச்சி சுமார் 600 மீட்டர் பனியைத் துளைத்து, ஐஸ்ஃபின் என்ற ஒல்லியான ரோபோவைக் கீழே இறக்கினார்கள். இந்தத் துளையிடலில் நேரம்தான் எதிரி. துளை போட்டவுடன் சுவர் உறையத் தொடங்கிவிடும். சூடான நீரை மறுபடி மறுபடி விட்டு அகலப்படுத்திக்கொண்டே கருவியை அனுப்ப வேண்டும். ஜெனரேட்டரோ பம்போ சில மணி நேரம் நின்றாலே துளை போய்விடும்.

கிடைத்த விடை யாரும் எதிர்பார்க்காதது. தட்டையான அடிப்பகுதியில் கரைவு ஆண்டுக்கு 2 முதல் 5 மீட்டர்தான். கணிப்புகள் சொன்னதைவிடக் குறைவு. கரைவில் வந்த நன்னீர் மெல்லிய படலமாகத் தங்கிச் சூடான நீரைத் தடுத்திருந்தது. ஆனால் விரிசல்களிலும் படிக்கட்டு போன்ற செங்குத்துச் சுவர்களிலும் கரைவு பல மடங்கு. குறைந்த கரைவிலேயே பனியாறு பின்வாங்குகிறது என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பனித்துளை: திருச்செங்கோட்டு ரிக்குக்குத் தெரிந்த வேலையா?

அளவீடுகள் சொல்வது கடந்த சில பத்தாண்டுகளை. அதற்கு முந்தைய கதைக்குப் பனித்தண்டு எடுக்க வேண்டும். ஆண்டாண்டாகப் பெய்த பனி அழுந்தி, 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில் அன்றைய காற்றைக் குமிழிகளாகச் சிறைபிடிக்கிறது. அந்தக் குமிழியை உடைத்தால் அன்றைய கார்பன் டை ஆக்சைடு அளவு கிடைக்கும். பனியில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அன்றைய வெப்பநிலையைச் சொல்லும்.

நாடெங்கும் போர்வெல் போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகளை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் பாதி புரியும். மீதிப் பாதி நேர்மாறு.

1. போர்வெல்லில் காற்றழுத்தச் சுத்தியல் பாறையைத் தூளாக்கும்; துளைதான் வேண்டும், தூள் கழிவு. இங்கே துளை கழிவு, நடுத்தண்டுதான் சரக்கு. அதனால் சுத்தியல் கிடையாது. சுழலும் கத்திகள் சுற்றிலும் செதுக்கி, சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள தண்டை உருவி எடுக்கும்.

2. ராடு மேல் ராடாக இணைப்பதில்லை. மோட்டார் உட்பட முழுக் கருவியும் கேபிளில் தொங்கும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று மீட்டர் தண்டு வெட்டி மேலே வரும். ஆழம் கூடக் கூட, வெட்டும் நேரத்தைவிட ஏற்றி இறக்கும் நேரமே பல மடங்காகிவிடும்.

3. பாறை நின்ற இடத்தில் நிற்கும். பனி அழுத்தத்தில் நகர்ந்து துளையை மூடிவிடும். அத்தனை ஆழத்துக்கும் கேசிங் பைப் இறக்க வழியில்லை. எனவே பனிக்கு நிகரான அடர்த்தியுள்ள, உறையாத திரவத்தால் துளையை நிரப்பி வைக்கிறார்கள். முன்பு மண்ணெண்ணெய் வகைகளில் அடர்த்தி கூட்டும் வேதிப்பொருளைக் கலந்தார்கள். 14 நாடுகள் சேர்ந்து கிரீன்லாந்தில் நடத்திய நீம் திட்டத்தில், தேங்காய் எண்ணெயிலிருந்து பெறும் எஸ்டர் திரவம் வந்தது. நச்சு குறைவு, ஆனால் குளிரில் பிசுபிசுப்பு ஏறுவதால் கருவி மெதுவாகத்தான் இறங்கும்.

4. சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரை நொறுங்கும் பனி. குமிழிகளுக்குள் காற்று அவ்வளவு அழுத்தத்தில் இருப்பதால் மேலே வந்த தண்டு தானாகவே வெடித்து உடையும். அந்தத் தண்டுகளைத் தொடாமல் பல மாதம் ஓய்வெடுக்க விட்டுத்தான் வெட்டுவார்கள். பாறைத்தளத்தை நெருங்கும்போது எதிர்ச் சிக்கல்: புவிவெப்பத்தால் பனி உருகுநிலையை ஒட்டி இருக்கும். கத்தி உண்டாக்கும் சிறு சூட்டிலேயே உருகி, மறுபடி உறைந்து கருவியைக் கவ்விக்கொள்ளும்.

ஐரோப்பாவின் 10 நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த பியாண்ட் எபிகா பனித்தண்டுத் திட்டம் 2025 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் 2,800 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. நம் கணக்கில் 9,000 அடிக்கு மேல். அதில் கிடைத்த பனி குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பழசு. முந்தைய எபிகா தண்டு 8 லட்சம் ஆண்டுகளைக் காட்டியது. அந்த 8 லட்சம் ஆண்டுகளிலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

எடுத்த பிறகும் ஆபத்து தீருவதில்லை. 2017-ல் கனடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு பழுதாகி, ஆர்க்டிக் பனித்தண்டுகளில் ஒரு பகுதி உருகித் தண்ணீரானது. மறுபடி எடுக்கலாம் என்றால், சில இடங்களில் அந்தப் பனியே இப்போது இல்லை. ஒரே தண்டைப் பல நாட்டுக் கிடங்குகளில் பிரித்து வைப்பது இதற்காகவும்தான்.

கடல்பனியை நம்பிய உயிர்கள்

கடல்மட்டத்தை உயர்த்தாது என்பதால் கடல்பனியை லேசாக எண்ண வேண்டாம். புதுப்பனி படிந்த கடல்பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் 90 சதவீதத்துக்கு மேல் உள்வாங்கும். 2023 பிப்ரவரியில் கடல்பனி 18 லட்சம் சதுர கி.மீ.க்கும் கீழே போனது. வழக்கத்தைவிடச் சுமார் 10 லட்சம் குறைவு. ஏழு தமிழ்நாட்டுக்கு மேல். அந்தப் பரப்பு முழுதும் கோடை வெயிலைக் குடித்தது.

கடல்பனியின் அடிப்பக்கத்தில் பாசி வளரும். குளிர்காலத்தில் கிரில் என்ற சுமார் 6 செ.மீ. நீள இறால் வகையின் குஞ்சுகள் அதை மேய்ந்துதான் பிழைக்கும். கிரில்லைத் தின்று திமிங்கலம், சீல், பென்குவின் எல்லாம் வாழ்கின்றன. பேரரசப் பென்குவினுக்குக் கடல்பனியே பிள்ளை வளர்க்கும் தரை. கரையோடு ஒட்டிய பனி ஏப்ரல் முதல் டிசம்பர் முடிய உடையாமல் இருக்க வேண்டும். குஞ்சுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்க அவ்வளவு காலம் தேவை. 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்குள்ள ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சுகூடத் தேறியிருக்காது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் வெண்பனிமேல் தெரியும் பழுப்பு எச்சக் கறை மறைந்ததை வைத்துக் கண்டறிந்தது இது.

மனிதர் போக முடியாத இடங்களில் சீல்களே ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. யானைச் சீலின் தலையில் ஒட்டிய சிறு கருவி, அது முக்குளிக்கும்போதெல்லாம் நீரின் வெப்பத்தையும் உப்பையும் பதிந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஆண்டுக்கொரு முறை ரோமம் உதிரும்போது கருவியும் கழன்றுவிடும்.

ஏன் ஒரு நாட்டால் முடியாது?

1959-ல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை, ஆய்வு முடிவுகளைப் பகிர வேண்டும் என்பதைக் கடமையாகவே எழுதிவைத்தது. இந்தியா 1983-ல் சேர்ந்தது. 1981–82-ல் எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் குழு போய்வந்தது. இன்று மைத்ரி (1989), பாரதி (2012) என இரு நிலையங்களும், ஆர்க்டிக்கில் நார்வேயின் நை-ஆலெசுண்டில் ஹிமாத்ரியும் (2008) இயங்குகின்றன. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இவற்றை நடத்துகிறது. பாரதியின் கட்டடம் 134 கப்பல் கன்டெய்னர்களை இணைத்து எழுப்பியது. மைத்ரிக்குப் போகும் ஆள்கள், கேப்டவுனிலிருந்து 11 நாடுகள் சேர்ந்து நடத்தும் விமானச் சேவையில் போகிறார்கள். ஒருவர் ஓடுபாதை, ஒருவர் எரிபொருள், ஒருவர் வானிலைக் கணிப்பு என்று பங்கு போட்டால்தான் ஒரு விமானமே இறங்க முடியும்.

கூட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். உக்ரைன் போருக்குப் பின், 2022 மார்ச்சில், ஆர்க்டிக் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவுடனான பணிகளை நிறுத்தின. ஆர்க்டிக் கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. உறைநிலம் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்) இளகுவதை அளக்கும் வலையில் அவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தால், மிச்சக் கணக்கும் சாய்ந்துவிடும்.

கொங்கு நாட்டுக்கு இதில் என்ன?

கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடல் நம் வாசலுக்கு வராது. ஆனால் திருப்பூர் பனியன் கன்டெய்னர்கள் ஏறுவது தூத்துக்குடியிலும் கொச்சியிலும். 2100-க்குள் கடல்மட்டம், நாம் வெளியிடும் புகையின் அளவைப் பொறுத்து, 28 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உயரலாம் என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் மதிப்பீடு. பனித்திரள் குறையும்போது அதன் ஈர்ப்பும் குறைவதால், அருகிலுள்ள கடல் தாழ்ந்து தொலைவிலுள்ள கடல் கூடுதலாக உயரும். மேற்கு அண்டார்க்டிகா கரைந்தால் இந்தியப் பெருங்கடல் சராசரியைவிட அதிகம் உயரும் பக்கத்தில்தான் இருக்கிறது. துறைமுகப் படித்துறை, சேமிப்புக் கிடங்கு, வடிகால் எல்லாம் பல பத்தாண்டுகளுக்குக் கட்டப்படுபவை. எனவே உயரும் கடலுக்கு எப்படித் தயாராகிறீர்கள் என்று ஏற்றுமதியாளர் சங்கங்கள் துறைமுகங்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

மழை விஷயத்தில் நிதானம் தேவை. பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு அணைகளுக்கு முக்கிய வரவு மலைமேல் பெய்யும் தென்மேற்குப் பருவமழை; சமவெளி வானம் பார்த்த காடுகளுக்கு வடகிழக்குப் பருவமழை. இவற்றை ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஆட்டுவிப்பது, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ. அது வரும் ஆண்டில் பொதுவாகத் தென்மேற்கு தளரும். தமிழ்நாட்டில் வடகிழக்கு சற்றுத் தேறும். ஆர்க்டிக்கின் காரா கடலில் பனி குறைவதற்கும் இந்தியாவில் செப்டம்பர் மாதப் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மைய ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். அது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய கருத்து. "துருவப் பனி உருகியதால் இந்த வருடம் பொள்ளாச்சியில் மழை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து எதைக் கவனிக்கலாம்? அண்டார்க்டிகக் கடல்பனியின் சிற்றளவு (ஆண்டின் மிகக் குறைந்த பரப்பு) பிப்ரவரி இறுதியிலும் பேரளவு (மிக அதிகப் பரப்பு) செப்டம்பரிலும் வெளியாகும். ஆர்க்டிக்கின் சிற்றளவும் செப்டம்பரில்தான். பனிப்படல எடை பற்றிய செய்தி வந்தால், எத்தனை வருடச் சராசரி, மூன்று வழிகளில் எது என்று பாருங்கள். பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராயும் பன்னாட்டுத் துருவ ஆண்டுகள் 1882–83-ல் தொடங்கின; அவற்றின் ஐந்தாவது சுற்று 2032–33-க்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்கான ஆய்வுக் குழுக்கள் இப்போதே கூடத் தொடங்கிவிட்டன. இன்று கோவையிலும் சேலத்திலும் கல்லூரியில் இயற்பியலோ புவியியலோ படிப்பவர்கள், அப்போது களத்துக்குப் போகும் வயதில் இருப்பார்கள்.